ஏணியில் ஏறியவனும் ஏணியைப் பிடித்தவனும்

(வானொலி இலக்கியத் தொடரில் வாசிக்கப்பட்ட உரையின் விரிவான எழுத்து வடிவம்)

மட்டக்குளியிலிருந்து ஒரு நேயர் கடிதம் எழுதியிருந்தார். வயது இருபத்தாறு என்கிறார். அவரும் பாடசாலைக் காலத்து நண்பர் ஒருவரும் சேர்ந்து, கைத்தொலைபேசியையே கமராவாகக் கொண்டு இரண்டு குறும்படங்கள் எடுத்திருக்கிறார்கள். கதையும் உரையாடலும் இவருடையவை. இயக்கம் நண்பருடையது. ஒன்றரை வருடத்துக்கு முன் நண்பர் சென்னைக்குப் போய் உதவி இயக்குநராகச் சேர்ந்துகொண்டார். வழிச்செலவுக்கும் முதல் இரண்டு மாத வாடகைக்கும் இவரே தன் சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணத்தைக் கொடுத்து அனுப்பினாராம். ஆரம்பத்தில் இரவுதோறும் பேசிக்கொண்டார்கள். பிறகு அது வாரத்துக்கு ஒருமுறையாயிற்று. இப்போது அழைப்பு எடுத்தால் மணி அடித்து ஓய்கிறதே தவிர மறுமுனையில் குரல் கேட்பதில்லை.

பணத்தைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. அவர் கேட்டிருப்பது ஓர் இலக்கியக் கேள்வி. "ஒன்றுமில்லாத நிலையில் தொடங்கிச் சினிமாவில் உயர்ந்து, பழைய சிநேகிதத்தையும் கைவிடாமல் காப்பாற்றிய ஒருவனைப் பற்றித் தமிழில் நாவல் இருக்கிறதா? இருந்தால் பெயர் சொல்லுங்கள், வாசிக்க வேண்டும்."

உண்டு என்றோ இல்லை என்றோ ஒரு சொல்லில் முடித்துவிடக்கூடிய கேள்வியாக இதை நான் கருதவில்லை. சினிமாவை மையமாகக் கொண்ட நாவல்களைச் சற்று ஒழுங்காக நிறுத்திப் பார்த்தால்தான் இதற்கு விடை கிடைக்கும்.

முதலில் ஒன்றைக் கவனிக்கலாம். வறியவன் செல்வந்தனாகும் கதை சினிமாவுக்குப் புதியதன்று. 1992 இல் வெளிவந்த 'அண்ணாமலை' படத்தை நினைத்துப் பாருங்கள். பால்காரனும் ஹோட்டல் முதலாளியின் மகனும் உயிர்த் தோழர்கள். நட்பு முறிகிறது. பால்காரன் சபதம் செய்கிறான். ஒரு பாட்டு முடிவதற்குள் அவன் பெரும் பணக்காரனாகிவிடுகிறான். இறுதியில் நண்பர்கள் மீண்டும் சேர்கிறார்கள். மண்டபத்தில் இருந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீடு திரும்பினார்கள். நமது நேயர் கேட்பது இதைத்தான். ஆனால் பாட்டு இல்லாமல் கேட்கிறார். அந்த ஒரு பாட்டு நேரத்துக்குள் மறைக்கப்பட்ட வருடங்களில் என்ன நடந்தது, உடன் இருந்தவர்கள் எங்கே போனார்கள் என்பதை அறிய விரும்புகிறார். அந்த இடத்தில்தான் நாவலுக்கு வேலை இருக்கிறது.

வாசன் எழுதிய உயர்ச்சிக் கதை

தமிழில் இந்த வகைக் கதைக்கு ஓர் ஆரம்பம் தேடினால் அது நமது நாட்டின் தேயிலைத் தோட்டத்திலே வந்து நிற்கிறது என்பது சுவையான விடயம். 'ஆனந்த விகடன்' அதிபர் எஸ்.எஸ். வாசன் எழுதிய 'சதி லீலாவதி' அவருடைய பத்திரிகையிலே தொடராக வந்தது. அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன் அதை இயக்க, 1936 இல் படமாக வெளிவந்தது. எம்.கே. ராதா கதாநாயகன். கண்டிப் பகுதியில் 1917 இல் பிறந்த எம்.ஜி.ஆருக்கு இதுவே முதற்படம். பொலிஸ் அதிகாரியாகச் சிறு வேடம். என்.எஸ். கிருஷ்ணனும் இதில் நடித்தார். ரி.எஸ். பாலையா இதிலேயே திரைக்கு அறிமுகமானார்.

கதை இதுதான். சென்னையில் வசதியாக வாழும் கிருஷ்ணமூர்த்தியை அவனுடைய நண்பன் இராமநாதன் குடிப் பழக்கத்தில் தள்ளுகிறான். சொத்து அழிகிறது. குடிவெறியில் இன்னொரு நண்பனைக் கொன்றுவிட்டதாக எண்ணிக்கொண்டு கிருஷ்ணமூர்த்தி இலங்கைக்கு ஓடிவருகிறான். தேயிலைத் தோட்டத்தில் கூலியாளாக வேலை செய்கிறான். அங்கே அவனுக்கு ஒரு புதையல் அகப்படுகிறது. அதைத் தான் எடுத்துக்கொள்ளாமல் முதலாளியிடம் ஒப்படைக்கிறான். அவனுடைய நேர்மையைக் கண்ட முதலாளி அவனைத் தன் மகனாகவே ஏற்றுக்கொள்கிறார். பிறகு தாயகம் திரும்பிக் குடும்பத்துடன் சேர்கிறான்.

தேயிலைத் தூருக்கு அடியில் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று ஆசை காட்டித்தான் கங்காணிமார் நம் முன்னோரைக் கப்பலேற்றினார்கள் என்று மலையகத்தில் சொல்வதுண்டு. தேயிலைத் தூரில் யாருக்கும் புதையல் அகப்படவில்லை என்பதும், உழைத்தவர்களுடைய பிரசாவுரிமையே 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தால் பறிபோயிற்று என்பதும் வரலாறு. வாசனுடைய கதையில் மாத்திரம் புதையல் இருந்தது. வெகுசனக் கதையில் வறியவன் உயர்வதற்கு எப்போதும் இப்படி ஒரு புதையல் தேவைப்படுகிறது. நண்பர்களும் அங்கே இரண்டே வகையினர்: கெடுக்க வந்தவன் ஒருவன், காக்க வந்தவன் ஒருவன். நல்லவனாகத் தொடங்கி, ஒரு நாள் தொலைபேசியை எடுக்காமல் விட்டுவிடும் நண்பனுக்கு அந்தக் கதையமைப்பில் இடமில்லை.

வாசனை இதற்காகக் குறை சொல்லவும் முடியாது. அவரே ஓர் உயர்ச்சிக் கதைக்கு நாயகர். சிறுவயதிலே தந்தையை இழந்து, தாயுடன் சென்னைக்கு வந்து, விளம்பரத் தொழில் செய்து, 1928 இல் 'விகட'னை விலைக்கு வாங்கி, பின்னர் ஜெமினி ஸ்ரூடியோவை நிறுவி, 1948 இல் 'சந்திரலேகா'வை எடுத்து இந்தியா முழுவதையும் திரும்பிப் பார்க்க வைத்தவர் அவர். உழைத்தால் உயரலாம் என்பதற்கு அவருடைய வாழ்வே அவருக்குச் சாட்சி.

பத்திரிகை வெட்டியவர்

அதே ஜெமினி ஸ்ரூடியோவில் 1950களில் ஓர் இளைஞர் ஒரு சிறிய அறையில் உட்கார்ந்து பத்திரிகைகளைக் கிழித்துச் செய்தித் துணுக்குகளைக் கோப்புகளில் சேர்த்துக்கொண்டிருந்தார். ஜ. தியாகராஜன் என்பது அவர் பெயர். செக்கந்தராபாத்தில் 1931 இல் பிறந்தவர். தந்தையின் மறைவுக்குப் பின் 1952 இல் சென்னைக்கு வந்தவர். 1966 வரை ஜெமினியில் இருந்தார். அசோகமித்திரன் என்ற பெயரில் அவரை நாம் அறிவோம்.

ஜெமினி அனுபவங்களை அவர் ஆங்கிலத்தில் 'மை இயர்ஸ் வித் பொஸ்' என்ற நூலாக எழுதியிருக்கிறார். அதில் ஒரு 'ஒபிஸ் போய்' வருகிறார். பெயருக்குத்தான் பையன், வயது நாற்பதைத் தாண்டியவர். ஒப்பனைப் பகுதியில் வேலை. நடிகனாகலாம், கதாசிரியனாகலாம் என்ற கனவோடு ஒரு காலத்தில் ஸ்ரூடியோவுக்குள் நுழைந்தவர். கூட்டத்தில் நிற்கும் துணை நடிகர்களுக்கு முகத்தில் பூச்சுப் பூசுவதே அவருக்குக் கிடைத்த தொழில். தன்னுடைய இந்த நிலைக்கெல்லாம் வாசனுக்கு அடுத்த நிலையில் இருந்த கொத்தமங்கலம் சுப்புவே காரணம் என்று நினைத்து, அசோகமித்திரனின் அறைக்கு வந்து மணிக்கணக்காகப் புலம்புவார். சுப்புவோ எவருக்கும் தீங்கு நினையாதவர், வீட்டில் எப்போதும் உறவினருக்கும் தெரிந்தவருக்கும் சோறு போட்டவர் என்று அசோகமித்திரன் எழுதுகிறார்.

இந்தச் சிறு சம்பவத்தில் ஒரு நாவலாசிரியரின் பார்வை துலங்குகிறது. ஏறியவரைப் பற்றி எழுதியவர்கள் பலர். ஏற முடியாமல் கீழே நின்றவனின் மனக்கசப்பையும், அந்தக் கசப்பு தவறான ஆளின் மேல் பாய்வதையும் இவர் பார்த்திருக்கிறார். அவனைக் கேலி செய்யவுமில்லை, அவனுக்காக யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவுமில்லை.

'தீபம்' இதழில் தொடராக வந்து 1969 இல் நூலான 'கரைந்த நிழல்கள்' இந்தப் பார்வையிலிருந்து பிறந்தது. வாசன் காலமான ஆண்டும் அதுவே. இதில் கதாநாயகன் என்று எவரும் இல்லை. வெளிப்புறப் படப்பிடிப்புக்கு அதிகாலையிலே வண்டிகளையும் ஆட்களையும் திரட்டும் தயாரிப்பு நிர்வாகி நடராஜன் முதலில் வருகிறான். பிறகு தயாரிப்பாளர் ரெட்டியார், நடிகை ஜயசந்திரிகா, உதவி இயக்குநர் ராஜகோபால், ஸ்ரூடியோ அதிபர் ராம ஐயங்கார், சம்பத் என்று ஒருவர்பின் ஒருவராக வருகிறார்கள். ஒரு படம் நின்றுபோகிறது. அத்துடன் பலருடைய சோறும் நின்றுபோகிறது. ஓர் அத்தியாயத்தில் நமக்கு மிக நெருக்கமான ஆள் அடுத்த அத்தியாயத்தில் காணாமற் போய்விடுகிறான். விடிந்தது முதல் எல்லாருடைய தேவையையும் கவனித்து ஓடியாடிய நடராஜன் பின்னர் பிச்சையெடுக்கும் நிலைக்கு வந்துவிட்டதை, யாரோ இருவர் பேசிக்கொள்ளும்போதுதான் நாம் அறிகிறோம். அவனோடு வேலை செய்தவர்கள் கெட்டவர்கள் அல்லர். அவரவருக்கு அடுத்த படம், அடுத்த வேலை. சினிமாவில் நட்பு முறிவது பெரும்பாலும் சண்டையினால் அல்ல; படம் முடிந்துவிடுவதனால் என்பதை இந்நாவல் உணர்த்துகிறது. கூடி வேலை செய்த இருபது பேர் படம் முடிந்ததும் இருபது திசையில் போகிறார்கள். கசப்பு இல்லை, விடைபெறுவதும் இல்லை.

மட்டக்குளி நேயரின் நண்பருக்கும் இதுவே நேர்ந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அவருடைய கேள்வி வேறு. அவருக்கு ஏறியவன் வேண்டும்.

ஹொலிவூட்டில் ஒரு பையன்

ஏறியவனைப் பற்றிய நாவலுக்கு உலக இலக்கியத்தில் நன்கறியப்பட்ட உதாரணம், அமெரிக்க எழுத்தாளர் பட் ஷூல்பேர்க் 1941 இல் வெளியிட்ட 'வட் மேக்ஸ் சமி ரன்?' என்பதாகும். 'சமி ஏன் இப்படி ஓடுகிறான்?' என்று நாம் சொல்லலாம். ஷூல்பேர்க்கின் தந்தை பரமவுண்ட் ஸ்ரூடியோவின் தயாரிப்புத் தலைவராக இருந்தவர். ஆகவே மகனுக்கு ஹொலிவூட் வீட்டு முற்றம் போல. 1954 இல் வெளிவந்த 'ஒன் த வோட்டர்ஃபிரண்ட்' படத்தின் திரைக்கதையை எழுதி ஒஸ்கார் பரிசு பெற்றவரும் இவரே.

நியூயோர்க்கில் ஒரு பத்திரிகைக் காரியாலயத்தில் பிரதிகளைக் காவித் திரியும் ஏழைப் பையன் சமி கிளிக். அதே பத்திரிகையில் நாடகப் பத்தி எழுதும் அல் மான்ஹைம் கதையைச் சொல்கிறான். சமி முதலில் பத்திரிகையிலே ஒரு பத்தியைப் பிடிக்கிறான். பிறகு ஜூலியன் என்ற கூச்ச சுபாவமுள்ள இளைஞன் நம்பிக்கையோடு கொண்டுவந்து காட்டிய கதையைத் தன் பெயரில் ஹொலிவூட்டுக்கு விற்கிறான். அங்கிருந்து கதாசிரியன், தயாரிப்பாளன், கடைசியில் ஸ்ரூடியோவின் தலைவன். ஒவ்வொரு படியிலும் கைகொடுத்தவனை மிதித்துக்கொண்டே ஏறுகிறான். அல் அவனை வெறுக்கிறான். ஆனால் விட்டு விலகவும் முடியவில்லை. நியூயோர்க்கின் வறிய யூதர் குடியிருப்புக்குப் போய், சமி பிறந்து வளர்ந்த தெருவைப் பார்த்த பின்னரே, ஓடாவிட்டால் மிதிபடுவோம் என்ற பயத்தை அந்தத் தெருதான் அவனுக்கு ஊட்டியது என்று அல் உணர்கிறான்.

நாவலின் இறுதி நமது விடயத்துக்கு முக்கியமானது. சமி ஒரு பெரும் நிதி முதலாளியின் மகளை மணக்கிறான். மணநாள் இரவிலேயே அவள் தன்னை மதிக்கவில்லை, ஏமாற்றுகிறாள் என்பது தெரிந்துவிடுகிறது. அந்த இரவில் அவன் யாரைத் தொலைபேசியில் அழைக்கிறான்? அல்லைத்தான். ஆயிரம் பேர் சம்பளம் வாங்கும் இடத்தின் தலைவனுக்கு, பழைய காரியாலயத்து ஆளைத் தவிர வேறு எவரும் இல்லை.

ஷூல்பேர்க் பிற்காலத்தில் ஒரு கவலையை வெளியிட்டார். எச்சரிக்கையாக எழுதிய சமியை, பின்வந்த தலைமுறை இளைஞர்கள் தங்களுக்கு முன்மாதிரியாக எடுத்துக்கொண்டார்களாம். உயர்ச்சிக் கதையின் ஆபத்து இது. ஏறுபவன் எப்படி ஏறினான் என்பதை எவ்வளவு வெளிச்சமிட்டுக் காட்டினாலும் வாசகனின் கண் ஏணியின் உச்சியிலேயே நிற்கிறது.

சுஜாதாவின் தொழிற்சாலை

தமிழில் இதற்குச் சற்று அண்மையில் வருவது சுஜாதாவின் 'கனவுத் தொழிற்சாலை'. 'ஆனந்த விகட'னில் தொடராக வந்து பெரும் வரவேற்பைப் பெற்றது. உச்சத்தில் இருக்கும் நடிகன் அருண், பாட்டெழுதும் ஆசையோடு சென்னையில் அலையும் அருமைராசன், துணை நடிகை மனோன்மணி ஆகியோரின் கதைகளைச் சுஜாதா பக்கம் பக்கமாக ஓடவிடுகிறார். ஒருவன் இறங்க, ஒருவன் ஏறுகிறான். மனோன்மணிக்கு ஏணியே கிடைக்கவில்லை. சினிமா உலகின் பேச்சு வழக்கு, பணப் புழக்கம், பொய்ச் சிரிப்பு யாவற்றையும் விறுவிறுப்பாகச் சொல்லும் நாவல் இது. ஆயினும் இவர்களுடைய பாதைகள் குறுக்கிடுகின்றனவே தவிர, அங்கே நட்பு வேர்கொள்வதாகச் சொல்ல முடியாது. சுஜாதாவின் நோக்கமும் அதுவன்று. எந்திரம் எப்படி ஓடுகிறது என்று காட்டுவதே அவர் வேலை.

ஜெயகாந்தனின் 'சினிமாவுக்குப் போன சித்தாளு' ஏணிக்கு வெகு தூரத்தில், வெண்திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் ஏழைப் பெண்ணைப் பற்றியது. நட்சத்திரத்தின்மேல் அவள் கொண்ட மயக்கம் அவளுடைய குடும்பத்தை எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதைச் சொல்கிறது. நமது இன்றைய கேள்விக்கு அது வெளியே நிற்கிறது.

உண்மை வாழ்க்கையில் நாவலை விஞ்சிய நட்பு ஒன்று தமிழ்ச் சினிமாவில் இருந்தது. 1947 இல் 'ராஜகுமாரி'யில் எம்.ஜி.ஆர். முதன்முதலாகக் கதாநாயகனானபோது உரையாடலில் பங்காற்றிய இளைஞர் மு. கருணாநிதி. இருவரும் வறுமையை அறிந்தவர்கள். 'மந்திரி குமாரி', 'மலைக்கள்ளன்' என்று அந்த உறவு வளர்ந்தது. இருவரும் சேர்ந்தே ஏறினார்கள். 1972 இல் பிரிந்தார்கள். இருவரும் முதலமைச்சர்களாயினர். மணிரத்தினம் இதன் சாயலில் 1997 இல் 'இருவர்' படத்தை எடுத்தார். ஒருவன் ஏறி மற்றவன் தங்கிவிட்டால் நட்பு முறியும் என்று நாம் எண்ணுகிறோம். இருவரும் ஒரே ஏணியில் ஏறினாலும் உச்சியில் இடம் ஒருவருக்குத்தான் என்பதை அந்தப் படம் காட்டுகிறது.

கோபாலும் சத்யன்குமாரும்

இனி, நமது நேயருக்கு நான் சிபாரிசு செய்ய விரும்பும் நாவலுக்கு வருகிறேன். அசோகமித்திரனின் 'மானசரோவர்'. 1989 இல் நூலாக வந்தது. 'கரைந்த நிழல்கள்' எழுதி இருபது வருடம் கழித்து அதே சினிமா உலகத்துக்கு அவர் திரும்பி வருகிறார். இம்முறை கூட்டத்தைப் பார்க்கவில்லை. இருவரை மட்டும் பார்க்கிறார்.

ஒருவன் சத்யன்குமார். இந்திப் பட உலகின் உச்ச நட்சத்திரம். பெஷாவர்ப் பக்கத்திலிருந்து வந்து, பெயரை மாற்றிக்கொண்டு, பம்பாயில் புகழின் கொடுமுடியைத் தொட்டவன். பிறந்த ஊர் இப்போது வேறு நாட்டில் இருக்கிறது. வாசிப்பவர்களுக்குத் திலீப் குமாரின் நினைவு வருவது இயல்பு. அவர் ஜெமினியின் 'இன்சானியத்' (1955), 'பைகாம்' (1959) ஆகிய படங்களில் நடித்தவர். மற்றவன் கோபால். சென்னையில் கதை இலாகாவில் குறைந்த ஊதியத்துக்கு எழுதுபவன். மனைவி ஜம்பகம். பிள்ளைகள். நடுத்தரக் குடும்பத்துக்கும் சற்றுக் கீழே என்று சொல்லத்தக்க வாழ்வு.

இந்த இருவருக்கும் இடையில் நட்பு இருக்கிறது. எப்படி ஏற்பட்டது, எதற்காக நிலைக்கிறது என்பது அவர்களுக்கே முழுமையாகத் தெரியாது. ஒருவனுடைய தாய்மொழி மற்றவனுக்குத் தெரியாது. ஒருவன் கேட்டால் கார் வரும். மற்றவன் பஸ்ஸுக்கு நிற்பவன். நாவல் இருவருடைய வாயாலும் மாறிமாறிச் சொல்லப்படுகிறது. கோபால் 'நான்' என்று ஓர் அத்தியாயம் சொன்னால் சத்யன்குமார் 'நான்' என்று இன்னோர் அத்தியாயம் சொல்கிறான். இந்த உத்தி வெறும் அலங்காரமல்ல. நட்பைப் பற்றி ஒரு பக்கத்தார் சொல்வதை மாத்திரம் கேட்டுத்தான் நமக்குப் பழக்கம். கைவிடப்பட்டவன் சொல்லுவான், கைவிட்டவன் சொல்லமாட்டான். இங்கே மேலே இருப்பவனும் பேசுகிறான். அவனுக்கும் தூக்கம் வருவதில்லை என்பதை நாம் அவன் வாயாலேயே கேட்கிறோம்.

கோபாலின் வாழ்வில் இடி விழுகிறது. மகன் இறந்துபோகிறான். ஜம்பகத்துக்குச் சித்தம் பிறழ்கிறது. இந்த இடத்தில் ஒரு சாதாரண நாவலாசிரியர் என்ன செய்திருப்பார்? நட்சத்திர நண்பன் ஓடிவந்து பணம் கொடுத்திருப்பான், பெரிய மருத்துவரை வரவழைத்திருப்பான், நாமும் நட்பின் பெருமையை மெச்சியிருப்போம். அசோகமித்திரனின் கோபால் எவரிடமும் எதையும் கேட்கவில்லை. சினிமாவையே விட்டுவிட்டுக் கும்பகோணத்துக்குப் போய்விடுகிறான். அவனுக்குத் துணையாக அங்கே ஒரு சாமியார் இருக்கிறார்.

அதன் பிறகுதான் நாவலின் திருப்பம். தேடிக்கொண்டு புறப்படுபவன் ஏழை அல்ல, நட்சத்திரம். எல்லாம் உள்ளவன் ஒன்றும் இல்லாதவனைத் தேடிப் பம்பாயிலிருந்து காவிரிக் கரைக்கு வருகிறான். சத்யன்குமாரின் மனத்தில் ஒரு சுமை இருக்கிறது. அதன் காரணத்தை இங்கே சொல்லிவிட்டால் வாசிப்பவரின் அனுபவம் குன்றும். அவரவர் நூலிலே அறிந்துகொள்ளட்டும். மானசரோவர் என்பது கயிலை மலைச் சாரலில் உள்ள ஏரி. மனம் என்ற சொல் அதன் பெயரிலேயே இருக்கிறது. அவ்வளவு தூரம் போய் மூழ்க வேண்டியதில்லை, தன் மனத்தின் அழுக்கைக் கழுவ முன்வருபவனுக்கு அருகில் ஓடும் ஆறே போதும் என்ற இடத்தில் நாவல் நம்மைக் கொண்டுவந்து நிறுத்துகிறது.

சமி கிளிக்கின் தொலைபேசி அழைப்பையும் சத்யன்குமாரின் பயணத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டிலும் மேலே ஏறியவன் கீழே நிற்பவனைத் தேடுகிறான். சமிக்கு அந்த ஓர் இரவுக்கு ஆள் வேண்டும். விடிந்தால் மீண்டும் ஓடுவான். சத்யன்குமார் ஓட்டத்தை நிறுத்திவிட்டு வருகிறான். முன்னது தனிமை. பின்னது நட்பு. இரண்டையும் பிரித்துக் காட்டுவதில்தான் அசோகமித்திரனின் மேதைமை இருக்கிறது எனலாம். 1996 இல் அவருக்குச் சாகித்திய அக்காதெமி விருது பெற்றுத் தந்த சிறுகதைத் தொகுதியின் பெயரும் 'அப்பாவின் சிநேகிதர்' என்பதாகவே அமைந்தது. 2017 இல் மறையும்வரை, சிநேகிதம் என்ற சொல்லை அவர் மலிவாகச் செலவழித்ததில்லை.

பாலத்துக்கு அப்பால்

கடிதம் எழுதிய நேயர் மட்டக்குளிக்காரர் என்பதால் இன்னொன்றையும் சொல்லத் தோன்றுகிறது. மட்டக்குளிப் பாலத்தால் களனி கங்கையைக் கடந்தால் ஹெந்தளை. கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்ரூடியோ அங்கேதான் இருந்தது. தமிழரான அவர் 'சினிமாஸ்' நிறுவனத்தின் மூலம் சிங்களத் திரைப்படத் துறையின் தூண்களில் ஒருவராக விளங்கினார்.

சிங்களச் சினிமாவின் தொடக்கமே இப்படிப்பட்ட கூட்டு முயற்சிதான். முதலாவது சிங்களப் பேசும்படமான 'கடவுணு பொறொந்துவ'வை 1947 இல் தயாரித்தவர் எஸ்.எம். நாயகம் என்ற தமிழர். படம் உருவான இடம் மதுரை. நடித்தவர்கள் ஜயமான்ன சகோதரரின் மினர்வா நாடகக் குழுவினர். கதாநாயகி ருக்மணி தேவி கொழும்புச் செட்டிக் குடும்பத்தவர். டெய்சி ராசம்மா என்பது இயற்பெயர். பிற்காலத்தில் இசையமைத்த ஆர். முத்துசாமி தென்னிந்தியாவிலிருந்து வந்தவர். சிங்களப் பௌத்த பக்திப் பாடல்களைப் பாடி மக்கள் மனத்தில் நிலைத்த மொஹிதீன் பேக் சேலத்தில் பிறந்த முஸ்லிம். வெறுங்கையோடு வந்து பெயர் பெற்றவர்கள், ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு வேலை செய்தவர்கள், இவர்களிலே எத்தனை பேர்! 'கடவுணு பொறொந்துவ' என்பதற்கு 'முறிந்த வாக்குறுதி' என்று பொருள். அந்தப் பெயர் பின்னால் எப்படிப் பலித்தது என்பதை நினைக்க மனம் கனக்கிறது.

1983 ஜூலையில் விஜயா ஸ்ரூடியோ எரிக்கப்பட்டது. சிங்களப் படங்களை இயக்கிவந்த கே. வெங்கட் என்ற தமிழர் அதே கலவரத்தில் கொல்லப்பட்டார். குணரத்தினம் 1989 இல் சுட்டுக் கொல்லப்பட்டார். எரிந்துபோன படச்சுருள்களில் சிங்களப் படங்களும் இருந்தன. எரித்தவர்கள் தங்களுடைய கனவுகளையும் சேர்த்தே எரித்தார்கள்.

அந்த ஸ்ரூடியோவில் பல்லாண்டுகள் ஒன்றாகத் தேநீர் குடித்த சிங்களவரும் தமிழரும் முஸ்லிமும் இருந்திருப்பார்கள். ஒளி அமைத்தவர், ஒப்பனை செய்தவர், தச்சு வேலை செய்தவர், படம் வெட்டி ஒட்டியவர். அந்த ஜூலை நாட்களில் யார் யாரைத் தன் வீட்டில் ஒளித்து வைத்தார்? யார் கதவைத் திறக்கவில்லை? திறக்காதவர் பிறகு எந்த முகத்தோடு சந்தித்தார்? சினிமாவில் உயர்வும் நட்பும் பற்றிய நமது நாவலுக்கு உரிய இடம் கோடம்பாக்கமும் ஹொலிவூட்டும் மாத்திரமல்ல. மட்டக்குளியிலிருந்து நடந்து போகக்கூடிய தூரத்தில் அது கிடக்கிறது. அதை எழுதுபவருக்குச் 'சதி லீலாவதி'யின் புதையல் உதவாது. 'கரைந்த நிழல்க'ளின் கண்ணும் 'மானசரோவ'ரின் இரட்டைக் குரலும் உதவக்கூடும்.

இனி நேயரின் கேள்விக்கு நேரடியான விடை. நீங்கள் கேட்டபடி, ஏழையாகத் தொடங்கி, சினிமாவில் ஏறி, நட்பையும் சேதமில்லாமல் காப்பாற்றியவனின் நாவலை என்னால் சுட்டிக்காட்ட முடியவில்லை. நல்ல நாவலாசிரியர்கள் அந்த ஆறுதலை நமக்குத் தரவில்லை. ஏறியவனும் நண்பனைத் தேடுவான் என்பதை மாத்திரம் சொல்லியிருக்கிறார்கள். அவன் எப்போது தேடுவான் என்பதைச் சொல்லவில்லை. ஆகவே அழைப்பை எடுக்காத நண்பரைக் கெட்டவர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஓடுகிறவருக்கு மூச்சு வாங்குகிறது, அவ்வளவுதான் என்று இப்போதைக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நாம் இன்று பார்த்த கதைகளில் பெரும்பாலானவற்றைச் சொன்னவர்கள் கீழே நின்றவர்கள். சமியின் கதையை அல் சொன்னான். ஜெமினியின் கதையை, அறையில் உட்கார்ந்து பத்திரிகை வெட்டியவர் சொன்னார். ஏறுகிறவனுக்குக் கீழே பார்க்க நேரமில்லை; ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்பவனுக்குத்தான் முழு ஏணியும் தெரிகிறது. அந்த இரண்டு குறும்படங்களுக்கும் கதை எழுதியவர் நீங்கள் என்று சொல்லியிருக்கிறீர்கள். மூன்றாவது கதையையும் எழுதுங்கள். எழுதும்போது, 'மானசரோவ'ரில் செய்திருப்பதைப் போல, உங்கள் நண்பருக்கும் ஓர் அத்தியாயம் கொடுங்கள். அவர் பக்கத்து நியாயத்தை அவர் குரலிலேயே எழுதிப் பார்க்கும்போது உங்கள் மனத்தின் கசப்புச் சற்றுக் குறையக்கூடும். நாவல் நன்றாக அமையும் என்பதற்கும் அதுவே நல்ல அறிகுறி.

அடுத்த உரையில் இன்னொரு நூலுடன் சந்திப்போம்.